மீட்டர் முள்ளைக் கழற்றி மாட்டிய பிறகு சரியாக நிறுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

காரின் மீட்டரில் பல்பு மாற்றவோ, வெளுத்துப்போன டயலை மாற்றவோ, உள்ளே இருக்கும் குட்டி மோட்டாரை மாற்றவோ முள்ளைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றுவது ஐந்து நிமிட வேலை. திரும்ப வைக்கும்போதுதான் தப்பு நடக்கிறது. பூஜ்ஜியத்துக்கு நேரே வைத்து அழுத்தி, கண்ணாடியை மூடி, ஸ்க்ரூக்களை எல்லாம் முடுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தால், ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, 800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 800 சுற்று) காட்ட வேண்டிய முள் 1,100-ல் நிற்கும். டேங்க் நிரப்பினால் முக்காலைத் தாண்டாது.

முதல்முறை இந்த வேலையைச் செய்தபோது பெட்ரோல் முள்ளை நான் அரைக்கோடு மேலே வைத்துவிட்டேன். பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. சில வாரம் கழித்து ஓர் இரவில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. முள் இன்னும் மேலே இருக்கிறதே என்று நம்பி ஓட்டினேன், வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எந்த மீட்டரைத் திறந்தாலும், முள்ளைத் தாங்கிச் சுழற்றும் தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது உறுதியாகத் தெரியாமல் முள்ளை அழுத்துவதில்லை. அந்தக் கோணம் பூஜ்ஜியமாக இருப்பதைவிட டயலின் நடுப்பகுதியாக இருப்பது மேல். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முள்ளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது

கடந்த இருபது ஆண்டுகளில் வந்த கார்களில் பெரும்பாலும் முள்ளைச் சுழற்றுவது ஸ்டெப்பர் மோட்டார், அதாவது சின்னச் சின்ன அடிகளாக எடுத்துவைத்து நகரும் மோட்டார். எக்ஸ்27.168 என்ற வகை பல கம்பெனிகளின் மீட்டர்களில் இருக்கிறது. அதன் தண்டு மொத்தம் 315 டிகிரி சுற்றும், அப்புறம் உள்ளே இருக்கும் ஒரு தடையில் முட்டி நிற்கும். மோட்டாருக்குள் இருக்கும் காந்தச் சக்கரம் 180 சுற்று சுற்றினால் முள் ஒரு சுற்று வரும்படி பற்சக்கரங்கள் இருக்கின்றன. ஓர் அடிக்குக் காந்தச் சக்கரம் 60 டிகிரி திரும்புகிறது, ஆகவே முள் மூன்றில் ஒரு டிகிரி நகர்கிறது. இவ்வளவு நுணுக்கமான மோட்டாரிலும் ஒரு குறை உண்டு. தான் இப்போது எங்கே நிற்கிறோம் என்பதை அதனால் மீட்டர் போர்டுக்கு (மீட்டரின் பின்னால் இருக்கும் சர்க்யூட் போர்டுக்கு) திருப்பிச் சொல்ல முடியாது.

அதனால் மீட்டர் போர்டு ஓர் எளிய வழியைக் கையாள்கிறது. மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் பின்பக்கமாகத் தடையில் முட்டும்வரை ஓட்டுகிறது. முட்டிய இடத்தைத் தொடக்கமாக வைத்து, அங்கிருந்து இத்தனை அடி முன்னே போனால் 60, இத்தனை அடி போனால் 100 என்று எண்ணிக்கொள்கிறது. சில வண்டிகளில் ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் இது நடக்கும். சிலவற்றில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால்தான் நடக்கும். இதில் கவனிக்க வேண்டியது இதுதான்: மீட்டர் போர்டுக்குத் தெரிந்ததெல்லாம் தண்டின் கோணம் மட்டுமே. தண்டின் மேல் முள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நாம் சரிசெய்யப் போவது அந்த உட்காரும் கோணத்தை மட்டும்தான்.

அதற்கு முந்தைய தலைமுறைக் கார்களில் காற்றுக்கரு வகை மீட்டர்கள் இருக்கும். ஒன்றுக்கொன்று குறுக்காகச் சுற்றிய கம்பிச் சுருள்களுக்கு நடுவே ஒரு காந்தம், முள் துள்ளாமல் இருக்கக் கெட்டியான சிலிக்கோன் எண்ணெய். இவற்றில் சில, சாவியை எடுத்த பிறகும் முள்ளை அப்படியே நிறுத்தி வைக்கும். ஆகவே மின்சாரம் இல்லாத நேரத்தில் அந்தத் தண்டு நிற்கும் இடத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. இன்னும் பழைய வண்டிகளில் கேபிளால் சுழலும் ஸ்பீடோமீட்டர் இருக்கும், அதைத் தனியாகக் கடைசியில் பார்ப்போம்.

முள்தான் தவறா என்று முதலில் பாருங்கள்

முள்ளைத் தவறான கோணத்தில் வைத்தால் வரும் பிழை டயல் முழுக்க ஒரே கோணமாக இருக்கும். 240 டிகிரி வளைவில் 240 கி.மீ. வரை எழுதிய டயல் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு டிகிரி என்பது ஒரு கி.மீ. முள் ஐந்து டிகிரி தள்ளி உட்கார்ந்திருந்தால் 40-லும் ஐந்து கூடும், 120-லும் அதே ஐந்துதான் கூடும்.

40-ல் இரண்டு, 80-ல் நான்கு, 120-ல் ஆறு என்று வேகத்தோடு சேர்ந்து பிழையும் வளர்ந்தால் முள்ளைத் தொடாதீர்கள். அது டயர் அளவு மாறியதாலோ, வேறு மாடலின் டயலைப் போட்டதாலோ, மீட்டரின் மென்பொருள் அமைப்பு பொருந்தாததாலோ வருவது. டயர் தேய்மானமே இதில் கொஞ்சம் பங்கு வகிக்கிறது. எட்டு மில்லிமீட்டர் பள்ளம் உள்ள புது டயர் ஒன்றரை மில்லிமீட்டராகத் தேய்ந்தால் சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் குறைகிறது. 600 மில்லிமீட்டர் சக்கரத்தில் அது சுமார் இரண்டு சதவீதம்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. நேற்றுவரை சரியாக இருந்த முள் பேட்டரி தீர்ந்த மறுநாள் எங்கோ நிற்கிறது என்றால், நகர்ந்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் போய், மோட்டார் கணக்கு தவறிவிட்டது. பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, பத்து நிமிடம் விட்டு மாட்டி, சாவியைப் போட்டு முள் தடைவரை போய்த் திரும்ப விடுங்கள். பல நேரம் அதோடு சரியாகிவிடும். ஒரு முள்ளை வீணாகப் பிடுங்காமல் தப்பிக்கலாம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஓபிடி சாக்கெட்டில் மாட்டி, வண்டியின் கணினியிலிருந்து அளவுகளைப் படிக்கும் ஸ்கேனர் ஒன்று, கூடவே ஜிபிஎஸ் வேகம் காட்டும் போன். இவை இரண்டும்தான் உங்கள் அளவுகோல். பிறகு மறைப்பு டேப், மெல்லிய பிளாஸ்டிக் அட்டைகள் இரண்டு, பருத்திக் கையுறை, நல்ல வெளிச்சம். முள்ளின் மேல் விரல் ரேகை படிந்தால் இரவில் விளக்கு வெளிச்சத்தில் அப்பட்டமாகத் தெரியும், அதற்குத்தான் கையுறை.

அட்டை என்று சொன்னது பர்ஸில் வைக்கும் வழக்கமான அடையாள அட்டை அளவுள்ளது. அதன் தடிமன் 0.76 மில்லிமீட்டர். டயலில் கீறல் விழாமல் காப்பதற்கும், கடைசியில் முள்ளுக்கும் டயலுக்கும் நடுவே இடைவெளி விடுவதற்கும் அது பயன்படும்.

கழற்றுவதற்கு முன்

ஏற்கனவே கழற்றிவிட்டீர்கள் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். இன்னும் கழற்றவில்லை என்றால் இங்கே செலவழிக்கும் கால் மணி நேரம் பின்னால் அரை நாளை மிச்சப்படுத்தும்.

இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஏசியை அணைத்து, ஐட்லிங்கில் விட்டு மீட்டரை நேருக்கு நேராகப் போட்டோ எடுங்கள். சாவி மட்டும் போட்ட நிலையில் ஒன்று, சாவியை எடுத்த பிறகு ஒன்று. கேமரா ஒவ்வொரு டயலின் நடுத்தண்டுக்கும் நேராக இருக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து எடுத்தால் முள் இரண்டு மூன்று டிகிரி தள்ளித் தெரியும். ஸ்கேனர் அப்போது காட்டிய ஆர்பிஎம், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை, எரிபொருள் அளவு ஆகியவற்றையும் கூடவே எழுதி வையுங்கள்.

அடுத்து, உங்கள் மீட்டரில் சுயசோதனை இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே சாவியைப் போட்டால், மீட்டர் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் நிலைக்குப் போகும். ஃபோர்டு, கிரைஸ்லர் கார்கள் பலவற்றில் இந்த வழி இருக்கிறது. வேறு சிலவற்றில் கண்டறியும் கருவியால் மட்டுமே இதைத் தூண்ட முடியும். முட்கள் எல்லாம் முழு வீச்சு போய்த் திரும்பும், சில மீட்டர்களில் குறிப்பிட்ட எண்களில் நின்று நின்று போகும். அப்படி நிற்கும் இடங்கள் தங்கத்துக்குச் சமம். அவற்றை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரை வெளியே எடுக்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள், ஸ்டீயரிங்கில் ஏர்பேக் இருக்கிறது. ஏர்பேக் கனெக்டர் எதையாவது பிரித்திருந்தால் அதை மாட்டாமல் சாவியைப் போடவே கூடாது. சர்க்யூட் போர்டைத் தொடும் முன் வண்டியின் வெற்று உலோகத்தை ஒருமுறை தொட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

முள்ளைப் பிடுங்க, டயலின் மேல் இரண்டு பக்கமும் அட்டையை வைத்து, அதன் மேல் இரண்டு சின்னக் கரண்டிகளை எதிரெதிராக நுழைத்து ஒரே சமயத்தில் நெம்புங்கள். தண்டு நேர் மேலே விடுபட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் மெல்லிய தண்டு வளையும், வளைந்த தண்டை நிமிர்த்த முடியாது. முள்ளை விரலால் பிடித்துத் திருகித் திருகி எடுப்பதைப் பலர் செய்கிறார்கள். ஸ்டெப்பர் மோட்டாரில் தடையைத் தாண்டித் திருகினால் அந்த விசையை எல்லாம் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பற்கள்தான் தாங்க வேண்டும். எனக்கு அந்த முறையில் நம்பிக்கை இல்லை.

முதல் கட்டம்: தண்டைத் தெரிந்த இடத்துக்குக் கொண்டுவருவது

முட்கள் இல்லாமலே மீட்டரை வண்டியின் கனெக்டரில் மாட்டுங்கள். டயல் இருக்க வேண்டும், முன் கண்ணாடி வேண்டாம். ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டாம், வயர் இழுபடாதபடி துணி விரித்து அதன் மேல் சாய்த்து வைத்தால் போதும். மேசையில் வைத்துத் தனியாக 12 வோல்ட் கொடுத்துச் செய்யலாமே என்று தோன்றும். ஆனால் பல மீட்டர்கள் வண்டியின் மற்றக் கணினிகளிடமிருந்து தகவல் வராவிட்டால் சரியாக நடந்துகொள்ளாது. பல வண்டிகளில் திருட்டுத் தடுப்பு அமைப்பும் மீட்டருக்குள்ளேயே இருக்கிறது, மீட்டர் இல்லாமல் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. வண்டியிலேயே செய்வதுதான் நிம்மதி.

பேட்டரியை மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடுங்கள். மோட்டார்கள் தடைவரை போய்த் திரும்பும் மெல்லிய கரகர சத்தம் கேட்கும். பத்து நொடி விடுங்கள். சாவியை எடுங்கள். திரும்ப ஒரு பத்து நொடி. மறுபடி போடுங்கள். இப்போது ஆர்பிஎம் தண்டும் ஸ்பீடோமீட்டர் தண்டும் மின்சாரத்தால் பிடித்து நிறுத்தப்பட்ட பூஜ்ஜியத்தில் இருக்கின்றன.

சாவி போட்ட பூஜ்ஜியமும் சாவி எடுத்த ஓய்வு நிலையும் எல்லா வண்டியிலும் ஒன்றல்ல. சில மீட்டர்களில் முள் ஓய்வில் பூஜ்ஜியக் கோட்டுக்குக் கீழே இறங்கிப் படுத்திருக்கும், சாவி போட்டதும்தான் கோட்டுக்கு எழும். சாவி எடுத்த நிலையில் பூஜ்ஜியத்துக்கு நேராக முள்ளை வைத்தால், அந்த இறக்கம் முழுவதும் எப்போதும் கூடுதலாகக் காட்டும். ஐட்லிங்கில் 1,100 காட்டும் கதை பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது.

சாவி போட்ட நிலையிலேயே ஒவ்வொரு முள்ளையும் அதன் இடத்தில் லேசாக உட்கார வையுங்கள். ஒரு விரலின் எடை போதும், இப்போது அழுத்தக் கூடாது. இது தற்காலிக இடம்தான்.

இரண்டாம் கட்டம்: நடுவில் ஒரு தெரிந்த புள்ளி

பூஜ்ஜியத்தை மட்டும் நம்பாததற்குக் காரணம், முள்ளின் தடைமுனை, பற்சக்கரங்களின் இடையே உள்ள சிறு தளர்ச்சி, ஓய்வு நிலையின் இறக்கம் எல்லாம் ஒன்றாகக் கூடும் இடம் அதுதான். நடு டயலில் தண்டு எதன் மேலும் சாயாமல் தானாக நிற்கிறது. அதோடு, நாம் உண்மையில் பார்த்து ஓட்டுவதும் நடு டயலைத்தான். 80-ல் சரியாக இருந்து பூஜ்ஜியத்தில் அரை டிகிரி தள்ளி நின்றால் யாருக்கும் கெடுதல் இல்லை.

சுயசோதனையில் நிற்கும் புள்ளிகள் தெரிந்திருந்தால் வேலை சுலபம். அதைத் தூண்டி, முள் எந்த எண்ணில் நிற்க வேண்டுமோ அங்கே நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் முள்ளை மெதுவாகத் தூக்கி, சரியான கோணத்தில் திரும்ப வையுங்கள். தண்டில் உட்கார்ந்தபடியே விரலால் தள்ளித் திருத்தாதீர்கள். தூக்கி வைப்பதற்கு நாலைந்து முயற்சி ஆகும், பொறுமை வேண்டும்.

சுயசோதனை இல்லை என்றால் ஒவ்வொரு மீட்டரையும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும்.

ஆர்பிஎம் மீட்டர். இதுதான் எளிது, இதிலிருந்தே தொடங்குங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்து முழுச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த இன்ஜினின் ஐட்லிங் உயர்ந்து தாழ்ந்துகொண்டே இருக்கும், அதை வைத்து எதையும் அளக்க முடியாது. சூடான பிறகு ஸ்கேனர் காட்டும் எண்ணுக்கு முள்ளை வையுங்கள். அப்புறம் ஆக்ஸிலேட்டரை மெதுவாக மிதித்து 2,000-ல் ஐந்து நொடி நிலையாகப் பிடியுங்கள், பிறகு 3,000-ல். 8,000 வரை 240 டிகிரியில் எழுதிய டயலில் ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய 33 சுற்று. ஸ்கேனரோடு ஐம்பதுக்குள் ஒத்துப்போனால் கண்ணால் அதற்கு மேல் திருத்த முடியாது. இந்த வேலை முழுவதையும் காற்றோட்டமான இடத்தில், கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டுச் செய்யுங்கள்.

டெம்பரேச்சர் மீட்டர். இதில் தெரிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் இந்த முள் கூலன்டின் உண்மையான வெப்பநிலையைக் காட்டுவதில்லை. ஏறக்குறைய 75 டிகிரியிலிருந்து 105 டிகிரி செல்சியஸ் வரை எதுவாக இருந்தாலும் முள்ளை நடுவிலேயே நிறுத்தும்படி மென்பொருள் எழுதப்பட்டிருக்கும். எல்லைகள் மாடலுக்கு மாடல் மாறும். முள் கொஞ்சம் ஆடினாலும் ஓட்டுபவர் பயப்படுவார் என்பதற்காகச் செய்தது. ஓட்டுபவருக்கு அது தகவல் இழப்பு. ஆனால் முள்ளை நிறுத்துகிற நமக்கு அது வசதி. ஸ்கேனரில் 90 டிகிரி தெரிந்துவிட்டால், இரண்டு மூன்று டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் தண்டு அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். அந்த நேரம் பார்த்து முள்ளை டயலின் நடுக்கோட்டுக்கு, அல்லது உங்கள் பழைய போட்டோவில் இருந்த இடத்துக்கு வையுங்கள்.

இங்கே அலட்சியம் கூடாது. முள் கீழே தள்ளி உட்கார்ந்தால் இன்ஜின் கொதிக்கத் தொடங்கும்போதும் சிவப்புக் கோட்டைத் தொடாது. மறுநாள் காலை, இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது சாவியைப் போட்டு, முள் குளிர்ப்பக்கக் கடைசிக் கோட்டில் படுத்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எரிபொருள் மீட்டர். பொறுமையைச் சோதிப்பது இது. டேங்குக்குள் எரிபொருள் அலைமோதும்போது முள் ஆடக் கூடாது என்பதற்காக மீட்டர் போர்டு வேண்டுமென்றே மெதுவாக நகர்த்துகிறது. சாவி போட்டதும் பார்த்த இடத்தை நம்பாமல், சமதளத்தில் நிறுத்தி இரண்டு நிமிடம் விடுங்கள். ஸ்கேனர் எரிபொருள் சதவீதத்தைக் காட்டினால் அதையே அளவாக எடுத்துக்கொள்ளலாம், எல்லா வண்டியும் காட்டாது. காட்டாவிட்டால் நம்பகமான ஒரே புள்ளி முழு டேங்க். நிரப்பிய பிறகு முள் முழுக்கோட்டிலோ அதற்குச் சற்று மேலேயோ நிற்க வேண்டும்.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது: எச்சரிக்கை விளக்கு. விளக்கை எரிய வைப்பது முள் அல்ல, மீட்டர் போர்டு. ஆகவே முள் எங்கே உட்கார்ந்திருந்தாலும் விளக்கு அதன் நேரத்துக்கு எரியும். விளக்கு எரியும் கணத்தில் முள் காலிக் கோட்டை ஒட்டி, சிவப்புப் பகுதியின் விளிம்பில் இருந்தால் வேலை சரி. 45 லிட்டர் டேங்கை 90 டிகிரி வளைவில் காட்டும் மீட்டரில் ஒரு டிகிரி அரை லிட்டர். ஆறு டிகிரி தவறினால் மூன்று லிட்டர். சந்தேகம் வந்தால் முள்ளைக் காலிப் பக்கம் ஒரு முடியளவு சாய்த்து வையுங்கள், முழுப் பக்கம் ஒருபோதும் வேண்டாம்.

ஸ்பீடோமீட்டர். சுயசோதனை இல்லாத வண்டியில் இதை நின்ற இடத்தில் முடிக்க வழியில்லை. சக்கரத்தைத் தூக்கி வைத்து ஓட்டிப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஸ்டாண்டின் மேல் நிற்கும் வண்டியின் சக்கரத்தை 80 கி.மீ. வேகத்தில் சுழற்றுவது ஆபத்து, ஒரு அச்சு மட்டும் சுழல்வதைப் பார்த்து ஏபிஎஸ் அமைப்பும் பிழை பதிந்துகொள்ளும். வேண்டாம். சாவி போட்ட பூஜ்ஜியத்தில் முள்ளை வைத்து, கண்ணாடியை மூடி, மீட்டரை இடத்தில் பொருத்தி, சாலையில் ஓட்டிப் பார்த்து, எத்தனை டிகிரி திருத்த வேண்டும் என்று குறித்துக்கொண்டு வந்து திரும்பத் திறப்பதே சரியான வழி.

நேரான, மேடு பள்ளம் இல்லாத, ஆள் நடமாட்டம் குறைந்த சாலையில் ஒரே வேகத்தைப் பதினைந்து நொடி பிடித்து ஓட்டுங்கள். ஜிபிஎஸ் எண்ணைப் படிப்பதும் எழுதுவதும் பக்கத்தில் இருப்பவர் வேலை. 40, 60, 80 மூன்றிலும் எடுங்கள். ஜிபிஎஸ் கிடைக்காத இடத்தில் கி.மீ. கற்களும் கடிகாரமும் போதும்: ஒரு கி.மீ. கடக்க 60 நொடி ஆனால் வேகம் 60, 45 நொடி ஆனால் 80, 36 நொடி ஆனால் 100.

இங்கே ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்படிதான் தயாரிக்கிறார்கள். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஒழுங்குமுறை எண் 39, காட்டும் வேகம் உண்மை வேகத்துக்குக் குறையவே கூடாது என்கிறது. உண்மை வேகத்தில் பத்து சதவீதமும் அதோடு 4 கி.மீ.யும் சேர்த்த அளவுவரை கூடுதலாகக் காட்டலாம். உண்மையில் 80-ல் போகும்போது 80 முதல் 92 வரை எதுவானாலும் விதிக்குள் அடங்கும். ஆகவே ஜிபிஎஸ் 80 காட்டும்போது முள் 83-ல் இருந்தால் அதைப் பிழை என்று நினைத்து 80-க்கு இறக்காதீர்கள். புது டயர் போட்ட அன்று அது உண்மைக்குக் கீழே போய்விடும். ஸ்கேனர் காட்டும் வேகமும் பல வண்டிகளில் இந்தக் கூடுதலைச் சேர்க்காத வேகம்தான், அதோடு முள்ளைப் பொருத்தினாலும் இதே தவறு நடக்கும். பழைய போட்டோவோ வீடியோவோ இருந்தால் முள் முன்பு எவ்வளவு கூட்டிக் காட்டியதோ அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் 80-ல் இரண்டு முதல் நான்கு வரை கூடுதலாக நிறுத்துவது என் வழக்கம்.

அழுத்துவதும் இடைவெளியும்

எல்லா முட்களும் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அழுத்த வேண்டும். டயலுக்கும் முள்ளின் அடிக்கும் நடுவே அட்டையை நுழைத்து, கட்டைவிரலால் தண்டுக்கு நேர் மேலே அழுத்துங்கள். முள் அட்டையைத் தொட்டதும் நிறுத்திவிட்டு அட்டையை உருவுங்கள். சில மீட்டர்களுக்கு ஓர் அட்டை போதும், சிலவற்றுக்கு இரண்டு தேவைப்படும். கழற்றும் முன் இருந்த உயரம்தான் சரியான உயரம். மிகவும் கீழே போனால் முள்ளின் அடி டயலில் உரசும். மிகவும் மேலே நின்றால், அடியில் இருக்கும் எல்இடி வெளிச்சம் முள்ளுக்குள் சரியாக ஏறாமல் இரவில் மங்கலாக எரியும். முள் நீளத்துக்கும் டயலுக்கு இணையாக இருக்கிறதா என்று பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள்.

அழுத்தும்போது ஒரு டிகிரி நகர்ந்துவிடுவது சகஜம். அதனால் ஆர்பிஎம் சோதனையையாவது மறுபடி ஒருமுறை செய்யுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே எண்ணில் நிற்கிறதா என்று பாருங்கள். சிறு வித்தியாசம் பற்சக்கரத் தளர்ச்சியால் வருவது. ஒரு டிகிரிக்கு மேல் போனாலோ துள்ளித் துள்ளி நகர்ந்தாலோ மோட்டாரே தேய்ந்திருக்கிறது, அதை முள்ளால் சரிசெய்ய முடியாது.

கண்ணாடியை மூடும் முன் அதைக் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்க்காதீர்கள். பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, லேசான முள்ளைத் தன் பக்கம் இழுக்கும். எல்லாம் சரியாகச் செய்தும் முள் ஒட்டிக்கொண்டு நிற்கிறதே என்று மோட்டாரைச் சந்தேகப்பட்டு நான் பலமுறை திறந்து பார்த்திருக்கிறேன். சற்றே ஈரமான மென்துணியால் ஒரு துடை துடைத்தால் அது போய்விடும்.

கேபிள் ஸ்பீடோமீட்டர்

ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-ல் காப்புரிமை பெற்ற சுழல் மின்னோட்ட முறைதான் இதன் அடிப்படை. கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தம் அலுமினியக் கிண்ணம் ஒன்றைத் தொடாமலே இழுக்கும். மெல்லிய சுருள்வில் அதைத் திரும்பப் பிடித்து இழுக்கும். இரண்டும் சமன்படும் இடத்தில் முள் நிற்கும்.

இதில் முள் பூஜ்ஜியத்தில் ஓர் ஆணியின் மேல் சாய்ந்து நிற்கிறது. வில்லின் இயல்பான ஓய்வு இடம் அந்த ஆணிக்கும் கீழே இருக்கும். ஆகவே கழற்றும் முன் முள்ளை மெதுவாகத் தூக்கி ஆணியைத் தாண்ட விட்டு, அது எங்கே போய் நிற்கிறது என்று டேப்பில் குறித்துக்கொள்ளுங்கள். சில டயல்களில் அந்த இடத்தைத் தயாரிப்பாளரே ஒரு சிறு புள்ளியாகக் குறித்திருப்பார். திரும்ப வைக்கும்போது முதலில் அந்த இடத்தில் வைத்து அழுத்தி, அப்புறம் முள்ளை ஆணிக்கு மேலே கொண்டுவந்து விட வேண்டும். ஆணியின் மேலேயே வைத்து அழுத்தினால் வில்லின் முன்னிறுக்கம் போய்விடும், எல்லா வேகத்திலும் கூடுதலாகக் காட்டும்.

குறி இல்லை, புள்ளியும் இல்லை என்றால் டிரில் மெஷின் உதவும். பல டயல்களில் டபிள்யூ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எண் அச்சாகியிருக்கும். ஒரு மீட்டர் தூரத்துக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதே அந்த எண். 60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். ஆகவே எண் 1 என்றால் 60-க்கு நிமிடத்துக்கு 1,000 சுற்று, எண் 0.62 என்றால் 620 சுற்று. டிரில்லின் சுற்று எண்ணிக்கையை ஒளியால் அளக்கும் டேக்கோமீட்டரால் சரிபார்த்து, அந்த வேகத்தில் பிடித்துக்கொண்டு முள்ளை 60-ல் வைக்கலாம். சுழலும் திசை முக்கியம். மாறிச் சுழன்றால் முள் ஆணியை நோக்கி இழுபடும், அப்படி நடந்தால் உடனே நிறுத்திவிட்டுத் திசையை மாற்றுங்கள்.

அந்தக் காலத்து வெப்பப் பட்டை வகை எரிபொருள், டெம்பரேச்சர் மீட்டர்களில் முள் நகர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். பட்டை சூடாகி வளைந்துதான் முள் எழுகிறது. அவசரப்படாமல் முள் முழுக்க நின்ற பிறகு குறியுங்கள்.

ஒரு வாரம் கழித்து

புதிதாக அழுத்திய முள், வெயிலில் டேஷ்போர்டு சூடாகி ஆறும்போது தண்டில் கொஞ்சம் நகரக்கூடும். அதனால் ஒரு வாரம் ஓட்டிய பிறகு ஐட்லிங்கில் ஸ்கேனரை மாட்டி ஆர்பிஎம்மை ஒருமுறையும், 80-ல் ஜிபிஎஸ்ஸோடு வேகத்தை ஒருமுறையும் ஒப்பிடுங்கள். அப்போது முட்களைப் புதிதாகப் போட்டோ எடுத்து, ஸ்கேனர் எண்களையும் தேதியையும் எழுதி வண்டியின் மற்றக் காகிதங்களோடு வையுங்கள். அடுத்து அந்த மீட்டரைத் திறப்பவர் நீங்களாக இருந்தாலும் வேறொருவராக இருந்தாலும், டேப் குறி எதுவும் இல்லாமலே வேலையைத் தொடங்கலாம்.